'எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும்': 1 சாமுவேல் 8-ஐ வீட்டுக் கூட்டத்தில் நடத்துவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பகுதியை முதல் தடவை நடத்தியபோது நான் நன்றாகச் சொதப்பினேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வீடு மாறி நடக்கிற ஜெபக்கூட்டம் அது. பதினைந்து இருபது பேர் வருவார்கள். அன்றைக்கு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு பையனும் அம்மாவோடு வந்திருந்தான், காதில் கடுக்கன், இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டின முடி. நான் பைபிளில் 1 சாமுவேல் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, 'எல்லாரையும் போல நாங்களும் இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் கதி என்ன ஆச்சு பாருங்கள்' என்று முக்கால் மணி நேரம், அவனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே பேசித் தீர்த்தேன். எனக்கு அன்றைக்கு ரொம்பத் திருப்தி. அவன் அடுத்த ஐந்து மாதம் கூட்டத்துப் பக்கமே வரவில்லை.

ஆகவே இந்தக் குறிப்பு, இதே பகுதியை எடுத்து நடத்தப் போகிறவர்கள் நான் விழுந்த குழியில் விழாமல் இருக்க. பாஸ்டர்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இருக்காது. என்னைப் போல 'இந்த வாரம் நீங்க எடுங்கண்ணா' என்று வியாழக்கிழமை ராத்திரி போன் வருகிற ஆட்களுக்காக எழுதுகிறேன்.

மிக முக்கியமானது: எட்டாம் அதிகாரத்தோடு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அது வசவாகத்தான் முடியும். இஸ்ரவேல் ஜனங்கள் ராஜா கேட்கிறார்கள், கர்த்தர் எச்சரிக்கிறார், அவர்கள் கேட்கவில்லை, சரி போ என்று கொடுத்துவிட்டார், அவ்வளவுதான் கதை என்று தோன்றும். கதை பன்னிரண்டாம் அதிகாரம் வரை போகிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தம் 116 வசனம், சத்தமாகப் படித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முந்தின வாரமே 'இந்த ஐந்து அதிகாரத்தையும் படித்துவிட்டு வாருங்கள்' என்று சொல்லுங்கள், பாதிப் பேர் படிக்காமல்தான் வருவார்கள், பரவாயில்லை. கோவிலூர்ப் பக்கமிருந்து கத்தோலிக்கச் சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் அவர்கள் கையில் திருவிவிலியம் இருக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்', 'ராஜா' என்று இருக்கிற இடத்தில் அதில் 'ஆண்டவர்', 'அரசர்' என்று வரும். அவர்களையும் ஒரு பகுதி படிக்கச் சொல்லுங்கள். ஒரே வசனத்தை இரண்டு தமிழில் கேட்டால் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் சாயங்காலப் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, கை கால் கழுவி வருவதற்குள் ஏழு மணி ஆகிவிடும். ஏழரைக்கு ஆரம்பித்து எட்டே முக்காலுக்கு முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு இரண்டு போதும்.

அப்புறம் பகுதிக்குள் போகும்போது, இஸ்ரவேலின் மூப்பர்கள் ராஜா கேட்டது நியாயமான காரணத்தோடு என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். இதை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். அதுவரை ஜனங்களை நடத்திவந்த தீர்க்கதரிசி சாமுவேலுக்கு வயதாகிவிட்டது. அவர் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்த இரண்டு மகன்கள், யோவேலும் அபியாவும், லஞ்சம் வாங்கிக்கொண்டு நியாயத்தைப் புரட்டினார்கள். இது மூன்றாம் வசனத்தில் அப்பட்டமாக இருக்கிறது. மூப்பர்கள் ராமாவுக்கு வந்து 'உங்களுக்கு வயசாயிடுச்சு, உங்க பசங்க சரியில்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. சாமுவேலுக்கு அது கசந்தது என்றால், ராஜா கேட்டது மட்டும்தான் காரணமா, பெற்ற பிள்ளைகளைச் சொன்னதும் காரணமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கூட்டத்தில் இருக்கிற அப்பாமார்களிடம் இந்தக் கேள்வியைப் போடுங்கள், பதில் வராவிட்டாலும் தலை குனியும்.

ராஜா வேண்டும் என்று கேட்டதே பாவமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்கு உபாகமம் 17-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், 14-ஆம் வசனம். என்னைச் சுற்றிலும் இருக்கிற ஜாதிகளைப் போல நானும் எனக்கு ஒரு ராஜாவை வைத்துக்கொள்வேன் என்று நீ ஒரு நாள் சொல்வாய், அப்படிச் சொல்லும்போது இப்படிச் செய் என்று மோசே காலத்திலேயே சொல்லியாகிவிட்டது. குதிரை நிறைய வைத்துக்கொள்ளாதே, மனைவிகள் நிறைய வேண்டாம், வெள்ளியும் பொன்னும் குவிக்காதே, நியாயப்பிரமாணத்தை ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு தினமும் படி. எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், சாமுவேலிடம் வந்து மூப்பர்கள் பேசப் போகிற வார்த்தையே, 'சுற்றி இருக்கிறவர்களைப் போல' என்கிற அதே பேச்சு, எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே அங்கே எழுதியிருக்கிறது. பிள்ளை என்ன கேட்டு அடம் பிடிக்கும் என்று தெரிந்து, அது பிறக்கும் முன்னாலேயே அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிற தகப்பன். கர்த்தருடைய பொறுமை எட்டாம் அதிகாரத்தில் ஆரம்பிக்கவில்லை என்று காட்ட இந்த ஒரு வசனம் போதும்.

அப்படியானால் எங்கே வலித்தது? முந்தின அதிகாரத்தைப் புரட்டச் சொல்லுங்கள். ஏழாம் அதிகாரத்தில் மிஸ்பாவில் எதிரிகளான பெலிஸ்தர் சண்டைக்கு வந்தபோது கர்த்தர் இடி முழக்கித் துரத்தினார், சாமுவேல் ஒரு கல்லை நட்டு எபெனேசர், அதாவது உதவியின் கல், என்று பெயர் வைத்தார். அடுத்த பக்கத்திலேயே, எங்களுக்கு முன்னால் போய் எங்கள் யுத்தத்தை நடத்த ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். நட்ட கல் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. உன்னைத் தள்ளவில்லை, என்னைத்தான் தள்ளினார்கள் என்று கர்த்தர் சாமுவேலிடம் சொல்வதை இந்த இடத்தில் படியுங்கள். மெதுவாக, ஒரே ஒரு தடவை. விளக்கம் சொல்லாதீர்கள்.

இப்போது, ராஜா வந்தால் என்ன செய்வான் என்று சாமுவேல் எச்சரிக்கிற பட்டியல். 8:11 முதல் 18 வரை. இதை நல்ல குரல் உள்ள ஒரு அக்காவிடம் கொடுங்கள். உங்கள் மகன்களை எடுத்துத் தேருக்கு முன் ஓட வைப்பான், மகள்களை எடுத்துத் தைலம் காய்ச்சவும் சமைக்கவும் அப்பம் சுடவும் வைப்பான், நல்ல வயலும் திராட்சைத் தோட்டமும் ஒலிவத் தோப்பும் எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று, ஆட்டில் பத்தில் ஒன்று, கடைசியில் நீங்களே அவனுக்கு வேலையாட்கள். எடுப்பான், எடுப்பான் என்று வருவதைக் காது கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'பத்தில் ஒன்று' என்றதும் யாராவது ஒருவர் ஜி.எஸ்.டி.யை ஆரம்பிப்பார். எங்கள் ஊரில் ஆரம்பித்தார், டீசல் விலை, உர விலை, பஞ்சாயத்துத் தேர்தல் என்று இருபது நிமிஷம் போய்விட்டது. சிரித்துக்கொண்டே அறுத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள். தேர்தல் சமயத்தில் இந்தப் பகுதியை எடுக்கவே எடுக்காதீர்கள், ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத கட்சியைத்தான் அதில் பார்ப்பார்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தகடூர் மண்ணில், அதாவது நம் தர்மபுரியில், ராஜா என்றால் பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வருவது அதியமான்தான், கிடைத்த நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தவர். கொடுக்கிற ராஜாவைப் பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, ராஜா என்றாலே எடுக்கிறவன் என்று சாமுவேல் சொல்வது புரியாது. அதற்குப் புறநானூற்றிலேயே கை கொடுக்கிற பாட்டு ஒன்று இருக்கிறது, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக உருட்டிக் கொடுத்தால் 'மா' என்கிற பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலமே யானைக்குப் பல நாளைக்குப் போதும், அதே யானை தானே வயலுக்குள் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டுப் போவதுதான் அதிகம், வரி வாங்கத் தெரியாத அரசனும் அப்படித்தான் என்கிறார். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து ஆட்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் விளக்கமே தேவையில்லை. ராகி கதிர் பிடிக்கிற நேரத்தில் ராத்திரி யானை வந்து போன கொல்லையைக் காலையில் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள். எங்கள் கூட்டத்தில் அஞ்செட்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்ட ஒரு அத்தை, 'தின்னது ஒரு மூலை சாமி, மிதிச்சது மொத்தமும்' என்றார். நான் தயார் பண்ணி வைத்திருந்த அரைப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இந்தப் பட்டியல் வெறும் மிரட்டலா என்று கேட்டால், இல்லை, அப்படியே நடந்தது. 1 ராஜாக்கள் 5-இல் சாலொமோன் 30,000 பேரை வேலைக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்புகிறான். பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவன் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் வந்து, உங்கள் அப்பா வைத்த நுகத்தைக் கொஞ்சம் லேசாக்குங்கள் என்று கெஞ்ச, அவன் இன்னும் பாரமாக்குவேன் என்றான், பத்துக் கோத்திரம் பிரிந்து போயிற்று. இதைச் சொல்லலாம், ஆனால் 'அன்றைக்கே சொன்னார் பார்த்தீர்களா' என்கிற குரலில் சொல்லாதீர்கள். அந்தக் குரல் வந்தால் மறுபடியும் என் பழைய குழிதான்.

அதற்குப் பதிலாக இந்த இடத்தில் உங்கள் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் எல்லாரையும் போல இருக்க ஆசைப்பட்ட கதை. எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் கதை வேண்டாம். நான் சொல்வது பைக் கதை. பாலிடெக்னிக் முடித்த வருஷம் என் செட்டில் எல்லாரிடமும் பைக் வந்துவிட்டது, எனக்கும் வேண்டும் என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன். அப்பா திட்டவில்லை. அன்றைக்குத் தக்காளி போட்டுவிட்டு வந்த மண்டிச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்: மாதத் தவணை, 36 மாதம். பெட்ரோல். இன்சூரன்ஸ். டயர். ஒவ்வொன்றுக்கும் நேராக இத்தனை கிரேட் தக்காளி என்று எழுதினார், ரூபாயில் எழுதவில்லை. எழுதி என் கையில் கொடுத்து, 'படிச்சிட்டியா?' என்றார். படித்தேன். 'வேணுமா?' வேணும் என்றேன். அடுத்த வாரம் ஷோரூமுக்கு அவரே வந்து கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் தக்காளி விலை விழுந்து, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டினார்கள். இரண்டு தவணை என்னால் கட்ட முடியவில்லை. கட்டினது அவர்தான், எனக்குத் தெரியாமல், ரசீதை அந்த மண்டிச் சீட்டோடு சேர்த்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கே சொன்னேன் என்று அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை கட்டும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒன்பதாம் அதிகாரத்துக்குப் போய்விடுவேன்.

ஒன்பதுதான் உயிர். 8:18-ஐ ஞாபகப்படுத்துங்கள்: அந்த நாளில் நீங்கள் முறையிடுவீர்கள், கர்த்தர் கேட்க மாட்டார் என்று சாமுவேல் சொல்லியிருக்கிறார். இப்போது 9:16, 17-ஐப் பிள்ளைகளிடம் கொடுத்து, 'என் ஜனம்' என்று எத்தனை தடவை வருகிறது, எண்ணு என்று சொல்லுங்கள். விரல் விட்டு எண்ணுவார்கள், நாலு. தன்னைத் தள்ளினார்கள் என்று முந்தின அதிகாரத்தில் சொன்னவர், இங்கே என் ஜனம், என் ஜனம் என்கிறார், அவர்கள் முறையிடுதல் என்னிடம் வந்து எட்டியது என்கிறார். கேட்க மாட்டார் என்று சொன்ன ஒரு பக்கம் திரும்புவதற்குள் கேட்டாகிவிட்டது. 8:18 ராஜாவின் கீழ் வரப் போகிற பாடுகளைப் பற்றி, 9:16 பெலிஸ்தரால் இருக்கிற பாட்டைப் பற்றி, இரண்டும் வேறு என்று விவரமான ஒருவர் சொல்லலாம். சரிதான், மறுக்காதீர்கள். ஆனாலும் தள்ளிவிட்டவர்களுக்காகத்தானே அந்தக் காது திறந்திருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை என்றால் அப்படியே விடுங்கள், பாட்டைப் போட்டு நிரப்பாதீர்கள்.

கழுதை விஷயத்தை வேகமாகத் தாண்டலாம். கீஸ் வீட்டுக் கழுதைகள் காணாமல் போக, தேடிப் போன சவுல் ராஜாவாகத் திரும்பி வருகிறான், பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள். ராஜாவாகத் தெரிந்தெடுத்த அன்றைக்கு அவன் தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டதையும் சொல்லுங்கள். நிறுத்த வேண்டிய இடங்கள் 10:9-உம் 11:6-உம். தனக்கு மனமில்லாமல் கொடுத்த ராஜாதான், ஆனாலும் அவனுக்கு வேறே இருதயத்தைக் கொடுக்கிறார், தம் ஆவியை அவன்மேல் அனுப்புகிறார். அம்மோனியனான நாகாஸ், யாபேஸ் ஊர்க்காரர்களின் வலது கண்ணைப் பிடுங்குவேன் என்று நின்றபோது சவுலைக் கொண்டே அவர்களைக் காப்பாற்றுகிறார். 'நீங்கதானே கேட்டீங்க, இப்போ அனுபவிங்க' என்று விடவில்லை. பைக்குக்குக் கையெழுத்துப் போட்டவர் பெட்ரோலுக்கும் காசு கொடுக்கிற மாதிரி.

பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு விஷயம் நம் ஊரில் விளக்காமல் போனால் புரியவே புரியாது. இது கோதுமை அறுப்பின் நாள் அல்லவா, நான் கேட்கிறேன், கர்த்தர் இடியும் மழையும் அனுப்புவார் என்கிறார் சாமுவேல், அப்படியே வருகிறது, ஜனங்கள் நடுங்கிப் போகிறார்கள். நம் ஆட்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஏனென்றால் சித்திரை வைகாசியில் இடி இடித்து மழை கொட்டுவது தர்மபுரி கிருஷ்ணகிரிக்காரனுக்கு ஒரு அதிசயமா? மரத்தில் மாங்காய் தொங்கும்போது காற்றும் ஆலங்கட்டியுமாக வந்து பாதியைக் கீழே தள்ளிவிட்டுப் போவது நாம் பார்க்கிறதுதான். இஸ்ரவேல் தேசம் அப்படி இல்லை. அங்கே மழை குளிர்காலத்தில். கோதுமை அறுப்பு மே, ஜூனை ஒட்டி வரும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் வானத்தில் மேகமே இருக்காது. அந்த நாளில் இடி விழுந்தால் வயிற்றைக் கலக்கும், அறுத்துப் போட்ட கதிரும் நாசம். இதைச் சொன்னால்தான் அவர்கள் ஏன் சாமுவேலிடம், நாங்கள் சாகாதபடி எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று ஓடி வருகிறார்கள் என்பது புரியும்.

அவர் கொடுக்கிற பதிலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள், 12:20 முதல் 23 வரை. இந்தப் பொல்லாப்பை எல்லாம் செய்தது நீங்கள்தான், ஆனாலும் பயப்படாதீர்கள், கர்த்தரை விட்டு மட்டும் விலகாதீர்கள், அவர் தம் ஜனத்தைக் கைவிட மாட்டார். அப்புறம் தன்னைப் பற்றி: உங்களுக்காக ஜெபம் பண்ணுவதை நான் விட்டுவிட்டால் அது கர்த்தருக்கு விரோதமாக நான் செய்கிற பாவம். உங்களுக்கு வயசாயிடுச்சு என்று ஒதுக்கினவர்களுக்குச் சொல்கிற பதில் இது. ராஜாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை, அவன் இருக்கட்டும்.

ஓசியா 13:11-ஐ யாராவது தூக்கிக்கொண்டு வருவார், கோபத்தில் உனக்கு ராஜாவைக் கொடுத்தேன் என்று அங்கே இருக்கிறதே, இதில் பொறுமை எங்கே என்று. மழுப்பாதீர்கள். கோபமும் இருந்தது, ஆமாம். கோபம் வராதவருக்குப் பொறுமை எதற்கு? நான் அவ்வளவுதான் சொல்வேன். மிச்சம் வேண்டுமென்றால் மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றைக் காட்டுங்கள், வேண்டாம் வேண்டாம் என்று எச்சரித்த அதே ராஜ பதவி தாவீது வழியாக இயேசு வரைக்கும் வருகிறது.

கடைசியாக, இளவட்டங்கள் இருக்கிற கூட்டமானால் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம்தான், தெருவுக்கு ஒன்று இரண்டு. பங்குனி சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும், நம் வீட்டுப் பிள்ளை மட்டும் ஜன்னலில் மத்தளச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு வகுப்பே ஒகேனக்கல் போகும். அந்தப் பிள்ளையிடம் போய்ப் 'புறஜாதிகளைப் போல' என்று பேசி, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேவலமாகச் சொல்லாதீர்கள். சாமுவேல் மற்ற ஜாதிகளை ஒரு வார்த்தை திட்டவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். போகலாமா கூடாதா என்பதை அந்தந்த வீட்டில் பேசிக்கொள்ளட்டும். அது உங்கள் வேலை இல்லை.

முடிக்கும்போது எல்லாரும் ஒரு பெயரை மனதில் வைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள், தான் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் போன ஒருவர் பெயர். சத்தமாகச் சொல்ல வேண்டாம். இரண்டாவது தடவை நான் இதை நடத்தியது அந்தப் பையன் வீட்டிலேயே, அவன் அம்மா கூப்பிட்டதால். அவன் உள் அறையில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்து டீ கொடுக்க வெளியே வந்தான், கடுக்கன் அப்படியே இருந்தது. என் டம்ளரை நீட்டிக்கொண்டே, 'ஏண்ணா, அந்தக் கழுதைங்க கடைசில கெடச்சுதா?' என்றான். கிடைத்தது, 9:20-இல் இருக்கிறது, மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குத் தேடித்தான் சொன்னேன்.